பச்சை நிறத்தில் வந்த சாவு



இலக்கிய மன்றத்தின் விழா மேடையில் ஒரு தொலைக்காட்சிக் கதையைப் பொருளாக எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதிலும், பெருத்த புழுக்கள் ஊர்ந்து வந்து சிறுவர்களை அச்சுறுத்திய ஆங்கில அறிவியற் புனைகதை என்றால், வியப்பு முகச்சுளிப்பாகவும் மாறக்கூடும். ஆயினும் அந்தக் கதை எழுப்பும் கேள்வி, கவிதை எழுதுவோர் கூடும் இடந்தோறும் எழுகின்ற கேள்விதான். ஓர் அநீதியைக் கண்டு சினங்கொண்ட ஒருவர் அச்சினத்தைக் கலையாக்க முற்படுகிறார். கலை நன்றாகவே அமைகிறது. ஆனால் குற்றத்தைக் கொண்டுபோய் யார் தலையில் வைக்கிறார்? எதிர்ப்பிலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது சொல்நயம், உருவம், கொள்கை என்று பலவும் பேசப்படுகின்றன. இந்த ஒன்று மட்டும் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது.

'டாக்டர் ஹூ' என்னும் தொடர் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. வேற்றுலகத்திலிருந்து வந்த ஒருவர், நீல நிறக் காவல் பெட்டி வடிவிலமைந்த பொறியில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து திரிகிறார் என்பது அதன் அடிப்படை. 1970 முதல் 1974 வரை அப்பாத்திரத்தில் நடித்தவர் ஜான் பெர்ட்வீ. அவர் காலத்துக் கதைகளில் டாக்டர் பெரும்பாலும் பூமியில் தங்கி, 'யூனிட்' என்னும் படைப்பிரிவுக்கு அறிவியல் ஆலோசகராக இருக்கிறார். அவருக்கு உதவியாளராக வரும் இளம்பெண் ஜோ கிராண்ட். நடித்தவர் கேட்டி மேனிங். இத்தொடரின் பத்தாம் பருவம் நிறைவுற்றபோது அதன் கடைசிக் கதையாக 1973 மே 19 முதல் ஜூன் 23 வரை ஆறு பகுதிகளாக ஒளிபரப்பானதே 'தி கிரீன் டெத்'. பத்தாமாண்டை மங்கலமாக முடிக்க வேண்டிய இடத்தில், நஞ்சு கலந்த ஒரு சுரங்கத்தைக் கொண்டு முடித்தார்கள் என்பது இவ்விழாவில் நினைத்துப் பார்க்கத்தக்கது.

கதை பிறந்த விதம் மறைவானதன்று. 1972 ஜனவரியில் 'தி ஈகாலஜிஸ்ட்' என்னும் ஆங்கில இதழ், எட்வர்ட் கோல்ட்ஸ்மித்தும் அவருடைய தோழர்களும் எழுதிய 'எ புளூபிரின்ட் ஃபார் சர்வைவல்' என்னும் நீண்ட அறிக்கையை ஓர் இதழ் முழுவதுமாக வெளியிட்டது. தொழில்வளர்ச்சி இப்படியே போகுமானால் மனித சமுதாயம் தாங்காது என்பது அதன் சாரம். அதே ஆண்டில்தான் ரோம் மன்றத்துக்காக எழுதப்பெற்ற 'வளர்ச்சியின் எல்லைகள்' நூலும் வந்தது. ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மனிதச் சூழல் மாநாடும் கூடியது. தொடரின் தயாரிப்பாளர் பாரி லெட்ஸ் அவ்வறிக்கையைப் படித்துக் கலங்கினார். கதைத் தொகுப்பாளர் டெரன்ஸ் டிக்ஸிடம் அவர் தம் கவலையைச் சொல்லப்போக, அக்கவலையையே கதையாக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. லெட்ஸும் அவருடைய நண்பர் ராபர்ட் ஸ்லோமனும் சேர்ந்து உருவாக்கிய கதைக்குத் திரையில் ஸ்லோமன் பெயர் மட்டுமே போடப்பட்டது. இயக்கியவர் மைக்கேல் பிரையன்ட். ஆகவே இது பொழுதுபோக்கில் தற்செயலாகக் கலந்துவிட்ட கருத்தன்று. கருத்துக்காகவே திட்டமிட்டுச் செய்த கதை. 'பிரசாரம்' என்று சொல்லி ஒதுக்குவோர் தாராளமாக ஒதுக்கலாம். அதற்கான எல்லாத் தகுதியும் இதற்கு உண்டு.

தலைப்பைத் தமிழாக்க முயலும்போதே சுவையான ஒரு சிக்கல் எழுகிறது. 'பசுமைச் சாவு' என்றால் பொருள் ஒட்டவில்லை. 'பச்சைச் சாவு' என்றால் ஒட்டுகிறது. தமிழில் பசுமைக்கு எப்போதும் வளத்தின் முகம். பச்சைக்கோ இரண்டு முகங்கள். பச்சைப் பயிர், பச்சைக் குழந்தை என்பது ஒரு முகம். பச்சைப் புண், பச்சைப் பொய், பச்சைத் துரோகம் என்பது மறுமுகம். இன்னும் பின்னே போனால், பிரிவால் வாடும் தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றத்துக்குச் சங்கப் புலவர் இட்ட பெயரும் 'பசலை' என்று இந்தப் 'பசு' அடியிலிருந்தே வருகிறது. வள்ளுவர் அதற்கென்று ஓரதிகாரமே வகுத்தார். நிறமே நோயாகத் தோலில் ஏறுவது தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் தோல் முழுவதும் பச்சையாக ஒளிர, சுரங்கத் தூக்கியில் பிணமாக மேலே வரும் முதற்காட்சியை ஆங்கிலேயர் திகிலோடு பார்த்தனர். தமிழ் படித்தவர் பார்த்தால் அத்திகிலுக்கு அடியில் வேறொன்றும் தெரியும். அங்கே பிரிந்து போனது தலைவன் அல்லன், வேலை.

கதை நடக்கும் ஊர் லான்ஃபேர்ஃபாக் என்னும் கற்பனைச் சிற்றூர். நிலக்கரி வாரியம் அவ்வூர்ச் சுரங்கத்தை மூடிவிட்டது. ஊரே வேலையிழந்து நிற்கிறது. அவ்விடத்தில் 'குளோபல் கெமிக்கல்ஸ்' என்னும் பெருநிறுவனம் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை வைத்திருக்கிறது. அதன் இயக்குநர் ஸ்டீவன்ஸ் ஆலை வாசலில் நின்று, கையில் ஒரு காகிதத்தை உயர்த்திப் பிடித்து, அரசின் ஒப்புதல் கிடைத்துவிட்டது, இனி ஊருக்குச் செல்வம் வரும், வேலை வரும் என்று முழங்குகிறார். 1938-இல் மியூனிக்கிலிருந்து திரும்பிய பிரதமர் சேம்பர்லின் விமான நிலையத்தில் காகிதத்தை ஆட்டிக்காட்டிய காட்சியை அப்படியே நினைவூட்டும் அமைப்பு அது. ஒரே அளவு கச்சா எண்ணெயிலிருந்து 25 விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் எடுக்கும் புதுமுறை தம்மிடம் இருப்பதாகவும், அதில் மாசு என்பதே பெரிதாக இல்லை என்றும் நிறுவனம் சொல்கிறது. மாசு இல்லாமல் இல்லை. அது மூடப்பட்ட சுரங்கத்துக்குள் குழாய் வழியே இறக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொட்டினால் கணக்குக்கும் வராது என்பதே அந்த 'முறை'. சுரங்கத்தில் தேங்கிய பச்சைக் கசடு தொட்டவரைக் கொல்கிறது. அதில் கிடந்த புழுக்களின் முட்டைகள் உருமாறிப் பெரும்புழுக்கள் பிறக்கின்றன.

எதிர்த்து நிற்பவர் கிளிஃபோர்ட் ஜோன்ஸ் என்னும் இளம் பேராசிரியர். நோபல் பரிசு பெற்றவர் என்று கதை சொல்கிறது. அவரும் தோழர்களும் கூட்டாக வாழும் இல்லத்துக்கு 'முழுநலம்' என்னும் பொருள்படும் பெயர். ஊரார் அதை ஏளனமாக 'நட்ஹட்ச்' என்கின்றனர். கொட்டை தின்பவர்கள், பித்துப் பிடித்தவர்கள் என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி, முயற்கூண்டையும் சேர்த்துக் கட்டிய பட்டப்பெயர் அது. காற்றாலும் கதிரவனாலும் ஆற்றல், இறைச்சிக்கு மாற்றாகக் காளானிலிருந்து புரத உணவு என்று அவர்கள் ஆய்ந்துகொண்டிருக்கின்றனர். இதை 1973-இல் நகைச்சுவையாகப் பார்த்தவர் பலர். ஆனால் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து புரத உணவு செய்யும் ஆராய்ச்சி பிரிட்டனில் 1960-களிலேயே தொடங்கியிருந்தது. 1985 முதல் அது 'குவார்ன்' என்னும் பெயரில் கடைகளுக்கே வந்துவிட்டது.

முதற்பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. கதையைப் பாராட்டுவோரும் அதை விரைந்து கடந்துவிடுவர். ஆலை வாசலில் ஜோன்ஸ் குறுக்கிட்டுப் பேசும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் மறுமொழி சொல்கிறார்: பேராசிரியருக்கு விரும்பியபடி வாழ வசதியிருக்கிறது, தங்களுக்கு வேலை வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கு ஜோன்ஸிடம் அப்போது நல்ல விடை இல்லை. கதையிடமும் இல்லை. எளிதான கதையாக இருந்திருந்தால் அந்தக் குரலை உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். ஊர் மக்கள் எல்லாரும் ஒரே அணியாக நின்று ஆலைக்கு எதிராக முழங்குவதாகக் காட்டியிருப்பார்கள். நஞ்சையும் கூலியையும் ஒரே கை நீட்டும்போது வாங்குகிறவருக்கு எது நஞ்சு, எது கூலி என்று பிரித்து வாங்கும் உரிமை கிடையாது. அந்த உண்மை ஒரு நொடியாவது திரையில் வந்தது. வந்த பிறகு கதை அதை மறந்துவிட்டது என்பது வேறு. வேல்சு மக்களைப் பேச்சிலும் நடையிலும் கேலிச்சித்திரமாக்கிய குறை இக்கதைக்கு உண்டு. ஆயினும் பெயரற்ற அத்தொழிலாளி பேசும் வேளையில் அவர் கேலிச்சித்திரமாக இல்லை.

ஜோ கிராண்ட் செய்தித்தாளில் அவ்வூர்ச் செய்தியைப் படிக்கிறாள். டாக்டர் அவளை மெட்டபிலிஸ் மூன்று என்னும் அழகிய கோளுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். விண்மீன்களுக்கு இடையே ஓர் உலா. அல்லது வேல்சின் மழையில் ஒரு போராட்டம். அவள் இரண்டாவதைத் தேர்கிறாள். இதற்குமுன் அவள் டாக்டரின் சொல்லைத் தட்டியதே இல்லை என்று கூற முடியாது. ஆனால் இந்தத் தட்டல் வேறு வகையானது. படைத்தலைவர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டும் அவ்வூருக்குத்தான் செல்கிறார். அவர் போவது நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அளிக்க. பின்னர் அவர் ஐயங்கொண்டு பிரதமருக்கே தொலைபேசியில் பேசுகிறார். பேச்சு சூழல்துறை அமைச்சரிடம் மாற்றப்படுகிறது. நிறுவனத்தோடு ஒத்துழைக்க வேண்டும் என்பதே கிடைக்கும் ஆணை. சூழலைக் காக்க அமைந்த துறையின் வாயிலிருந்தே அச்சொல் வருவது நல்ல அங்கதம். அந்த ஆணையின்படி படை செய்யும் முதற்செயல், நஞ்சுக்குச் சான்றாக இருந்த சுரங்கத்தை வெடி வைத்து மூடுவது. சான்று மூடப்பட்டதே தவிர நஞ்சு மூடப்படவில்லை. புழுக்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டு சுரங்கக் கழிவு கொட்டிய மேட்டின்மேல் வெளிவருகின்றன.

அந்தக் கழிவுமேட்டின் முன் சற்று நிற்க வேண்டும். படப்பிடிப்பு நடந்தது தென் வேல்சில், டேரி என்னும் ஊரையடுத்த ஓகில்வி சுரங்கத்தில். அங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஐந்து மைல்கூட இராத தொலைவில் இருக்கிறது அபர்ஃபான். 1966 அக்டோபர் 21 காலை 9.15 மணியளவில், அவ்வூருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டப்பட்டிருந்த மெர்தர் வேல் சுரங்கத்தின் ஏழாம் எண் கழிவுமேடு மழைநீரில் குழைந்து சரிந்து, பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. இறந்தவர் 144 பேர். அவருள் 116 பேர் குழந்தைகள். காலை வழிபாடு முடிந்து வகுப்பில் அமர்ந்த வேளை. நீரூற்று இருந்த இடத்தின்மேல் 1958 முதல் கழிவைக் கொட்டி வந்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவதன் ஆபத்தைக் குறித்து 1963-இலேயே நகராட்சிப் பொறியாளர் நிலக்கரி வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதங்கள் கோப்பில் இருந்தன. மேடு வளர்ந்துகொண்டிருந்தது.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம் 76 நாள் அமர்ந்து, 1967 ஆகஸ்டில் வெளியான அறிக்கையில் பழி முழுவதும் நிலக்கரி வாரியத்துடையதே என்றது. கூடவே, இது தீயவர்களின் கதையன்று, அறியாமையின், திறமையின்மையின், செய்தி போய்ச்சேராமையின் கதை என்றும் கருத்துரைத்தது. யார்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. ஒருவர்கூட வேலைநீக்கம் செய்யப்படவில்லை. வாரியத் தலைவர் ராபென்ஸ் பிரபு விலக முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை. எஞ்சிய கழிவுமேடுகளை அகற்றக் கோரி ஊரார் போராடியபோது, அச்செலவுக்கென உலக மக்கள் அனுப்பிய துயர்துடைப்பு நிதியிலிருந்தே 150,000 பவுண்டு எடுக்கப்பட்டது. பிள்ளைகளை இழந்தோர்க்கு வந்த பணம் பிள்ளைகளைக் கொன்ற மேட்டை அகற்றப் போயிற்று. 1997-இல் அத்தொகை வட்டியில்லாமல் திருப்பித் தரப்பட்டது. 2007-இல் வேல்சு அரசு மேலும் 15 லட்சம் பவுண்டு வழங்கியது. இவை யாவும் ஒரு தனியார் நிறுவனம் செய்தவை அல்ல என்பதையும் மறக்கலாகாது. நிலக்கரி வாரியம் 1947-இல் மக்களின் பெயரால் நாட்டுடைமையாக்கப்பட்ட அமைப்பு. இலாப வெறி ஒன்றே குற்றத்தின் வேர் என்று எழுதும் கவிஞர்கள் இதனையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அபர்ஃபானுக்கு ஆறரை ஆண்டுகள் கழிந்து, அதே பள்ளத்தாக்குகளின் பக்கத்தில், கழிவுமேட்டைத் துளைத்துச் சாவு வெளிவரும் காட்சியைப் படமாக்கினார்கள். இலண்டனில் அமர்ந்து பார்த்த சிறுவனுக்கு அவை புழுக்கள். தென் வேல்சில் பார்த்தவர்களுக்கு அந்த மேடு வெறும் காட்சியமைப்பாக இருந்திருக்க முடியாது. புழுக்கள் நன்றாகவே செய்யப்பட்டிருந்தன. உண்மையான புழுக்களையும் இடையிடையே பயன்படுத்தினார்கள். பின்னால் வரும் பெரிய ஈ பரிதாபமானது. அதைப் பற்றிப் பேசாதிருப்பதே மரியாதை. பிரிட்டனில் இன்றும் இக்கதையைத் தலைப்பால் அறிந்தவரைவிடப் 'புழுக்கள் வந்த கதை' என்று அறிந்தவரே மிகுதி. லெட்ஸின் கருத்துரை மறந்துபோயிருக்கலாம். கழிவைத் தோண்டிப் புதைத்தாலும் உயிர்பெற்று வரும் என்ற படிமம் மறக்கவில்லை. பிரசாரம் என்று பழிக்கப்படும் படைப்புகளுள் சில ஏன் நிலைக்கின்றன என்பதற்கு இஃது ஒரு விடையாகலாம்.

இனிக் குறைக்கு வருவோம். அதுதான் முக்கியமானது.

நிறுவனத்தை நடத்துபவர் ஸ்டீவன்ஸ் என்றே முதலிரு பகுதிகளும் காட்டுகின்றன. ஜெரோம் வில்லிஸ் மிக அடக்கமாக நடித்திருக்கிறார். நல்ல உடை, மென்மையான குரல், திறன், உற்பத்தி, இலாபம் என்னும் மூன்று சொற்களில் அடங்கும் வேதம். அவருக்குக் கீழே பணியாற்றும் ஃபெல் என்னும் அதிகாரிக்கு மனச்சான்று விழித்துக்கொள்கிறது. உடனே தன்னை மாய்த்துக்கொள்ளுமாறு ஆணை வருகிறது. மாடியிலிருந்து விழுந்து இறக்கிறார். நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் எல்ஜின், குழாய்க்குள் சிக்கிய டாக்டரையும் ஜோவையும் காப்பாற்றத் துடிக்கிறார். ஓர் ஆலையின் உள்ளே இருப்பவர்களிலும் எத்தனை தரத்தினர் உண்டு என்பதைக் கதை நுட்பமாகவே காட்டிவருகிறது. அதன் பிறகு அந்த நுட்பத்தை எல்லாம் கலைத்துவிடுகிறது. ஸ்டீவன்ஸ் தலைவர் அல்லர். அவருக்கும் மேலே 'பாஸ்' ஒன்று இருக்கிறது. அந்த பாஸ் மனிதரும் அன்று, ஒரு கணிப்பொறி. ஸ்டீவன்ஸின் மூளையோடு இணைக்கப்பட்டு, மனிதத்தனத்தையும் செருக்கையும் கற்றுக்கொண்டு, இசை முணுமுணுத்து, நகைச்சுவை பேசும் பொறி. உலகெங்கும் உள்ள பிற கணிப்பொறிகளோடு இணைந்து மனிதரையெல்லாம் அடிமைப்படுத்துவது அதன் திட்டம்.

பாஸ் பாத்திரம் சுவையானது என்பதில் ஐயமில்லை. குரல் கொடுத்த ஜான் டியர்த்தின் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பு வரும் அதே கணத்தில் குற்றம் இடம் மாறிவிடுகிறது. காகிதத்தை உயர்த்திப் பிடித்த கை, நஞ்சைச் சுரங்கத்துக்குள் இறக்கலாம் என்று எழுதிய பேனா, எல்லாம் தெரிந்தும் ஒத்துழைக்கச் சொன்ன அமைச்சரின் தொலைபேசி ஆகிய மூன்றும் இதுவரை குற்றவாளிக் கூண்டில் நின்றன. பொறி வந்ததும் மூன்றும் விடுதலை பெறுகின்றன. இறுதியில் டாக்டர் கொண்டுவந்த நீலப் படிகத்தால் மனம் தெளிந்த ஸ்டீவன்ஸ், கணிப்பொறியைத் தானே அழித்துத் தானும் மடிகிறார். அவர் கண்ணில் ஒரு துளி நீர். பார்ப்பவர் மனமும் இளகுகிறது. அமைச்சர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. நிறுவனத்தின் பங்குதாரர்கள் என்று யாரேனும் இருந்தார்களா என்ற பேச்சே இல்லை.

அபர்ஃபானில் பொறி எதுவும் இல்லை. கண்ணீர் சிந்திப் பொறியை உடைத்து மாய்ந்த இயக்குநரும் இல்லை. கடிதங்கள் இருந்தன, அவற்றைப் படித்தவர்கள் இருந்தார்கள், படித்துவிட்டு வேறு கோப்பை எடுத்தவர்கள் இருந்தார்கள். தீயவர் ஒருவரும் இல்லாமல் 116 குழந்தைகள் இறக்க முடியும் என்பதைத்தான் விசாரணை மன்றம் கண்டது. சிறுவர்க்கான தொடர் ஒன்று இதை இப்படியே சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று ஒருவர் வாதிடலாம். வாதத்தில் வலுவுண்டு. ஆறாம் பகுதியில் ஒரு முடிவு வேண்டும்; கோப்பை வெடிக்கச் செய்ய முடியாது; பொறியை வெடிக்கச் செய்யலாம். ஆனால் முதற்பகுதியில் தொழிலாளியின் குரலை உள்ளே விடத் துணிந்தவர்களுக்கு அமைச்சரை ஒருமுறை திரும்ப அழைத்துக் கேட்பது ஆகாத செயல் அன்று. எதிர்ப்புக் கவிதைகளிலும் இப்பொறி அடிக்கடி தோன்றுவதுண்டு. 'அமைப்பு' என்பர், 'காலம்' என்பர், 'முதலாளித்துவப் பூதம்' என்பர். பூதத்தைத் திட்டுவது எளிது. அது மான நட்ட வழக்குத் தொடுப்பதில்லை. கையெழுத்திட்டவரைக் கவிதைக்குள் கொண்டுவருவது கடினம். அவர் பெரும்பாலும் நல்லவராகவும், பிள்ளைகுட்டி உள்ளவராகவும், சில சமயம் இலக்கியம் படிப்பவராகவும் இருந்துவிடுகிறார்.

புழுக்களை வெல்லும் வழி இன்னொரு பாடம். படையின் குண்டுகள் அவற்றின் தோலைத் துளைப்பதில்லை. வானிலிருந்து வீசியும் பயனில்லை. ஜோ தனக்குத் தெரிந்ததைச் செய்யப் புறப்பட்டுக் கழிவுமேட்டில் சிக்குகிறாள். அவளைத் தேடிப் போன ஜோன்ஸ் நஞ்சு தீண்டி உணர்விழக்கிறார். மயக்கத்தில் அவர் முணுமுணுக்கும் ஒரே சொல், தேடாமல் கிட்டும் நற்பேற்றைக் குறிப்பது. உணவுக்காக அவர் வளர்த்த காளான்தான் புழுவுக்கு நஞ்சு, மனிதருக்கு மருந்து. ஜோ முன்பு கைதவறிக் கொட்டிய காளான் பொடியிலிருந்தே அவர் அதைக் கண்டுகொண்டிருந்தார். ஊரார் பித்தர் கூண்டு என்று எள்ளிய வீட்டின் சமையலறையிலிருந்து மருந்து வருவது கதைக்கு இன்பமான திருப்பம். இது வசதியான திருப்பமும்கூட. போராடுவோரிடம் மாற்று ஆயத்தமாக இருந்தால்தான் அவர்கள் போராட்டம் நியாயம் என்று ஒரு பொருள் இதிலிருந்து வந்துவிடக்கூடாது. அபர்ஃபானின் தாய்மார் மேட்டை அகற்றச் சொன்னபோது கையில் எந்தக் காளானும் வைத்திருக்கவில்லை.

கதையில் எங்கும் பொய்யாகாத பகுதி ஒன்று உண்டு. அது நிறுவனத்தையோ நஞ்சையோ பற்றியதன்று. இறுதியில் முழுநலத்தில் விருந்து. ஜோன்ஸும் ஜோவும் மணந்துகொண்டு, அமேசான் காடுகளில் ஒரு காளானைத் தேடிப் போவதாக முடிவு செய்திருக்கின்றனர். ஐக்கிய நாடுகள் அவையில் இருக்கும் தன் மாமாவிடம் சொல்லி அந்த இல்லத்துக்கு ஆய்வுநிலைத் தகுதியும் வாங்கித் தந்துவிட்டாள் ஜோ. டாக்டர் நீலப் படிகத்தை அவளுக்கு மணப்பரிசாகக் கொடுக்கிறார். அவள் அழைத்துப்போகச் சொல்லியிராத கோளிலிருந்து, அவள் இல்லாமல் போய், உயிர் தப்பி எடுத்துவந்த கல் அது. எல்லாரும் ஆடிப்பாடும்போது கோப்பையிலிருந்ததை ஒரே மூச்சில் அருந்திவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வெளியேறித் தம் பழைய காரில் அந்திக்கருக்கலில் தனியே போகிறார். ஜோ மட்டும் திரும்பிப் பார்த்து அவர் இல்லாததை உணர்கிறாள்.

தொலைக்காட்சி நாயகனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி இல்லை. அவர் ஊரைக் காத்தவர். ஆனால் காத்து முடித்ததும் போய்விடுபவர். அவள் தேர்ந்தது இருந்துவிடுகிற ஒருவரை. ஜோன்ஸாக நடித்த ஸ்டூவர்ட் பெவனும் கேட்டி மேனிங்கும் அக்காலத்தில் வாழ்விலும் மணம் உறுதி செய்துகொண்டவர்கள் என்பதால் அக்காட்சியில் நடிப்பென்று பிரித்துக் காண முடியாத ஏதோ இருக்கிறது என்பர். பெர்ட்வீயின் முகத்தில் இருப்பதற்கு அவ்விளக்கம்கூடத் தேவையில்லை.

படப்பிடிப்பு நடந்தபோது ஓகில்வி சுரங்கம் உண்மையில் இயங்கிக்கொண்டிருந்தது. கதைக்காக மூடியதாகக் காட்டினார்கள். 1975-இல் அது மெய்யாகவே மூடப்பட்டது. அந்த இடம் இப்போது டாரன் பள்ளத்தாக்குப் பூங்கா. பெர்ட்வீ 1996-லும், ஸ்லோமன் 2005-லும், லெட்ஸ் 2009-லும், பெவன் 2022-லும் மறைந்தனர்.

2010 அக்டோபரில், 'தி சாரா ஜேன் அட்வென்சர்ஸ்' என்னும் கிளைத்தொடரில், ரசல் டி டேவிஸ் எழுதிய கதையொன்றில் கேட்டி மேனிங் மீண்டும் வந்தார். இப்போது அவள் ஜோ ஜோன்ஸ். கூடவே ஒரு பேரன். ஏழு பிள்ளைகள், பன்னிரண்டு பேரப்பிள்ளைகள், பதின்மூன்றாவது வரவிருக்கிறது. நாடு நாடாகச் சென்று போராடுவதை அவள் இன்னும் விடவில்லை. முகம் மாறிய டாக்டரைக் கண்டதும் அவள் முதலில் கேட்பதில் ஒரு மனத்தாங்கல் தெரிகிறது. காட்டின் நடுவே என்றேனும் அந்தப் பொறியின் ஒலி கேட்கும் என்று காத்திருந்ததாகவும், கேட்கவே இல்லை என்றும் சொல்கிறாள்.